மயிலாத்தாளுக்காக நிற்கும் வண்டி

கோயம்புத்தூரில் பஸ்சுக்காகக் காத்திருப்பது என்ற பழக்கம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு வந்தால் வண்டியும் வந்து நிற்கும். கூப்பிட வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை என்றால் நீங்கள் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போவீர்கள் என்பதும், மழை பெய்தால் போகமாட்டீர்கள் என்பதும், வீட்டுக்கு மாமியார் வந்திருந்தால் மழை பெய்தாலும் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள் என்பதும் அதற்கு அத்துப்படி. ஓட்டுநர் கிடையாது. ஊரின் எல்லா வண்டிகளையும் ஒரே மூளை ஓட்டியது. அரசாங்கம் அதற்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் வைத்திருந்தது. ஊர் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளையைப் பெற்று வளர்த்தவர்களில் ஒருத்தி கோகிலவாணி. சின்ன வயதில் சாதாரணத் திட்ட அலுவலராகச் சேர்ந்தவள், இப்போது போக்குவரத்துத் திட்டக் குழுமத்துக்கே தலைவி. திட்டக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பாடம் ஒன்று உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்து போகும் ஒரு நிமிடத்தைவிட, வண்டிக்காக ரோட்டில் நிற்கும் ஒரு நிமிடம் மனிதனுக்கு இரண்டு மடங்கு பாரம். அந்தப் பாரத்தை ஒரு ஊரின் தலையிலிருந்தே இறக்கி வைத்துவிட்டோம் என்பதில் கோகிலவாணிக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. இருக்கட்டும், நியாயமான கர்வம்தான்.

அந்தக் கர்வத்தில் கல்லைத் தூக்கிப் போட வந்தவர் நஞ்சுண்டன். சிக்கனப் பிரிவின் தலைவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் டிபன் கேரியர். தன் வாழ்நாளில் எதற்குமே தாமதமாகப் போனதில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார். பொண்டாட்டி பிரசவத்துக்கே முந்தின நாள் போய் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர் என்று அலுவலகத்தில் அவர் காது கேட்காமல் பேசிக்கொள்வார்கள்.

"மேடம், நம்ம வண்டி ஒண்ணு தெனமும் காலைல நிக்குதுங்க" என்றார்.

"நிக்குதுங்களா? ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. கதவத் தொறந்து வெச்சுட்டுச் சும்மா நிக்குது. ஆளுக எல்லாம் ஏறி முடிச்ச பொறகும் நிக்குது. ஒரு டீயை ஆத்திக் குடிக்கற நேரம் நின்னுட்டுத்தான் கெளம்புதுங்க."

"நம்ம வண்டி நிக்காதுங்களே!" கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. "எங்கீங்க?"

"கெழக்கால, சூலூர் தாண்டி ஒரு காட்டுக்குள்ள. ஆரம்பத்துல ஒரே ஒரு அம்மாவுக்காகப் போட்ட தடமாட்டம் இருக்குது. காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. அந்த அம்மாவுக்காகத்தான் நிக்குது. பேரு மயிலாத்தாள்."

கோகிலவாணிக்குக் காப்பி புரையேறியது.

நஞ்சுண்டன் பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார். அவள் இருமி முடிப்பதற்குள் நாம் கொஞ்சம் பின்னால் போய் வந்துவிடலாம்.

புதுத் தேரை ஓட்டுவதற்கு முன்னால் வெள்ளோட்டம் விடுவார்களே, அதுபோலத்தான் கணக்குப்பிள்ளைக்கும் விட்டார்கள். நிஜ மனிதர்களை வைத்து விளையாட முடியாது என்பதால் இல்லாத மனிதர்களை உண்டாக்கினார்கள். அவர்களுக்கு வெள்ளோட்டப் பயணிகள் என்று பெயர். பீளமேட்டில் ஒரு விடுதி அறையில் தனியாக இருந்த இளம் கோகிலவாணி தன் பங்குக்கு ஒருத்தியை உண்டாக்கினாள். இந்த நூற்றாண்டில் எந்தப் பெண் குழந்தைக்கும் வைக்கமாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த பெயராகப் பார்த்து மயிலாத்தாள் என்று வைத்தாள். நிஜ ஆள் யாரோடும் குழம்பிவிடக் கூடாதல்லவா? போர்க்கிணறு வற்றிப்போய் வேலிக்கருவை மண்டிக் கிடந்த ஒரு தோட்டத்தில் குடிவைத்தாள். போன் வைத்துக்கொள்ளாதவள், அவசரமே தெரியாதவள், காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சாவகாசமாகச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவள். முன் சீட், ஜன்னலோரம். விடுதி அறையில் தனக்கு எதெல்லாம் வாய்க்கவில்லையோ அதெல்லாம் மயிலாத்தாளுக்கு வாய்த்தது.

வெள்ளோட்டம் முடிந்ததும் எல்லோரும் தங்கள் பயணிகளை அழித்துவிட்டார்கள். கோகிலவாணிக்கு மட்டும் மனசு வரவில்லை. நாளைக்கு அழித்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த நாளை வரவேயில்லை. கல்யாணம் வந்தது, பதவி உயர்வு வந்தது, மகன் பிறந்தான், மகன் காலேஜுக்கும் போய்விட்டான். அங்கே வேலிக்காட்டில் தினமும் விடிந்ததும் ஒரு வண்டி போய் நின்றது. போன் இல்லாத மயிலாத்தாள் எங்கே வந்துகொண்டிருக்கிறாள் என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. அதனால் நின்று பார்க்கும். வெள்ளோட்டப் பயணி என்பதால் கடைசியில் ஏறிவிட்டதாக வைத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

"என்னங்க மேடம், தெரிஞ்சவங்களா?" என்றார் நஞ்சுண்டன்.

"கேள்விப்பட்ட பேருங்க" என்று சமாளித்தாள்.

"உங்களுக்குத் தெரியாதது இல்ல. நீங்க எழுதுன விதிதான். வேர்ப்பயணி உண்மையா இருக்கோணும்."

அவள் எழுதிய விதிதான். அந்தக் காலத்தில் மனை விற்பவர்கள் பொட்டல் காட்டில் கல்லை நட்டு, பத்துப் பொய்ப் பெயர்களைப் பதிந்து, பஸ்ஸை வரவழைத்து, 'பஸ் வசதி உண்டு' என்று போர்டு வைத்து விலையை ஏற்றுவார்கள். அந்தப் பித்தலாட்டத்தை ஒடுக்கத்தான் வேர்ப்பயணி விதி. பஸ் வருவதற்கு முன்பே ஓரிடத்தில் ஒருவராவது உண்மையாகக் குடியிருக்க வேண்டும். அவர்தான் அந்தத் தடத்துக்கு வேர். பஸ்ஸை நம்பி அப்புறம் வந்தவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் கணக்கில் வரமாட்டார்கள். வேர் பொய் என்றால் தடம் செல்லாது. யாரை மனதில் வைத்து இப்படி இரும்பு விதி போட்டாளோ, அவர்கள் செய்த அதே பித்தலாட்டத்தைத் தானே செய்து வைத்திருக்கிறாள்.

"ஒரு எட்டு போய் அந்த அம்மா இருக்காங்களான்னு பாத்துட்டு வந்துருங்க" என்றார் நஞ்சுண்டன். "இருக்காங்கன்னா வண்டி ஓடட்டும். இல்லீன்னா நிறுத்திரலாம். நான் வேற ஆளையெல்லாம் அனுப்பலீங்க. நீங்க சொன்னா எனக்குப் போதும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குத்தியது.

மறுநாள் விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு போனாள். வேலிக்கருவையை எதிர்பார்த்துப் போனவளுக்கு வேப்பமர நிழலில் ஒரு இட்லிக்கடை தெரிந்தது. அதற்குப் பின்னால் தெருக்கள். தறிச் சத்தம் கேட்டது. மாடிகளில் துணி காய்ந்தது. சைக்கிள் கடை, தையல் கடை, ஒரு சின்னப் பிள்ளையார், அவருக்குப் பக்கத்திலேயே சுவரில் சிலுவை போட்ட ஒரு வீடு. கடை போர்டில் ஊர்ப் பெயராக 'மயிலாத்தா பிரிவு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கோகிலவாணி காரை விட்டு இறங்கி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க்கா, உக்காருங்க. இட்லி ஆகிப்போச்சு" என்று கூப்பிட்டாள் கடைக்காரி. பெயர் கஸ்தூரி. கையில் கரண்டி, கண்ணில் சிரிப்பு. இந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான்.

"நீங்க எப்படிங்க இங்க வந்தீங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"ஓடியாந்தனுங்க." கஸ்தூரி கூச்சப்படவில்லை. "எங்க ரெண்டு வீட்லயும் சம்மதிக்கலீங்க. கைல கெடச்ச துணியோட டவுனுக்கு வந்து, கண்ணுல பட்ட வண்டில ஏறி உக்காந்துட்டோம். இங்க வந்து நின்னுருச்சு. காடு. ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா பஸ்சு நிக்குது பாருங்க, அப்ப எப்படியும் மனுசங்க இருப்பாங்கன்னு எறங்கிட்டோம்."

"யாரும் இல்லீன்னதும் பயமா இல்லீங்களா?"

"காலைல மறுபடி வண்டி வந்து நின்னுச்சுங்களே! நம்மளத் தேடிக் கூப்பிட வந்தாப்ல இருந்துச்சு. அப்புறம் எங்க போறது? தோட்டத்துக்காரரும் நல்ல மனுசன். சல்லிசா எடம் குடுத்தாரு. எங்களப் பாத்து இன்னொரு குடும்பம், அதப் பாத்து இன்னொண்ணு."

பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. தறிக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறினார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஆனால் முன்னால் ஜன்னலோர சீட் மட்டும் காலியாக இருந்தது. அதன் கைப்பிடியில் கஸ்தூரி ஒரு முழம் கனகாம்பரத்தைச் சுற்றிவிட்டு வந்தாள். சீட்டின் மேல் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடந்தது. இங்கே யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் பத்திரிகை அந்த சீட்டுக்குத்தானாம்.

"மயிலாத்தாளுக்காகக் காத்திருக்கிறோம்" என்றது வண்டி.

கதவு திறந்தபடியே இருந்தது. தெருக்கோடியிலிருந்து ஒருத்தி தலைதெறிக்க ஓடிவந்தாள். ஈரத் தலை, ஒரு கையில் சீப்பு, மறு கையில் ஆஸ்பத்திரிப் பை. பின்னால் வாசலில் இரட்டைக் குழந்தைகள் ஒரே குரலில் அழுதுகொண்டிருந்தன.

"ஓடு ஜெசிந்தா, ஓடு!" என்று வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். ஜெசிந்தா ஏறியதும் கைதட்டினார்கள்.

"நர்சுங்க. தெனமும் இதே கூத்துதான்" என்றாள் கஸ்தூரி. "டவுன் வண்டியா இருந்தா இவளுக்கு எப்பவோ வேலை போயிருக்கும். மயிலாத்தா புண்ணியம்."

"மயிலாத்தாள் ஏறியதாகக் கொள்ளப்படுகிறது. கிளம்பலாம்" என்றது வண்டி. கிளம்பிப் போயிற்று.

கோகிலவாணி இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். இதை எப்படிச் சொல்வது? சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எழுந்தாள்.

"நான் பஸ் ஆபீஸ்ல இருந்து வரேனுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். மயிலாத்தான்னு ஒருத்தர் இல்லவே இல்லீங்க. நான்தான் சின்ன வயசுல கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஆளை உண்டாக்கி, அழிக்காம விட்டுட்டேன். அப்படி ஒரு பொம்பள இங்க குடியிருந்ததே இல்ல."

சைக்கிள் கடை முபாரக் தாடியைத் தடவிக்கொண்டார். கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஏனுங்க்கா, அது எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இத்தன வருசத்துல ஒரு நாளும் ஏறாதவ எப்படிங்க இருப்பா? ஆரம்பத்துல காடு பூராத் தேடுனோம். அப்புறம் புரிஞ்சு போச்சு."

"அப்புறம் எதுக்குங்க பூவு? பத்திரிகை?"

முபாரக்தான் பதில் சொன்னார். "அவங்க இல்லீன்னாலும், அவங்க பேரச் சொல்லி வண்டி நிக்குதல்லங்க? ஊருல எந்த வண்டி யாருக்கு நிக்குது? அதுக்கு ஒரு மரியாதைங்க."

கஸ்தூரியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அக்கா, நீங்க இட்லி திங்க வந்தாப்ல தெரியல. வண்டிய நிறுத்தப் போறீங்களா?"

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குள் இரண்டு குரல்கள் சண்டை போட்டன. ஒரு வார்த்தை போதும். 'பார்த்தேன், அந்த அம்மா நல்லா இருக்காங்க' என்றால் நஞ்சுண்டன் தலையாட்டிவிட்டு டிபன் கேரியரைத் திறந்துவிடுவார். ஜெசிந்தாவின் வேலை, கஸ்தூரியின் கடை, அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தப்பித்துவிடும். பொய்யில் முளைத்த ஊருக்கு இன்னொரு பொய்யால் தண்ணீர் ஊற்றினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அந்த மனிதர் 'நீங்க சொன்னா எனக்குப் போதும்' என்று சொல்லித் தொலைத்திருந்தாரே.

நேராக அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விடுதி அறை, ஜன்னலோர சீட், வராத நாளை, எதையும் மறைக்கவில்லை.

நஞ்சுண்டன் டிபன் கேரியரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "நீங்க பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனுங்க" என்றார். "ஆனா இப்ப தடத்த நிறுத்தித்தான் ஆகோணும். எனக்கு மனசு கேக்கலதான். விதி இருக்குதே."

"இருக்குதுங்க" என்று எழுந்தவள், வாசலில் நின்றாள். அவள் எழுதிய விதி. அதன் மூலை முடுக்கெல்லாம் அவளுக்குத்தானே தெரியும்? சுவரிலிருந்த ஒலிப்பெட்டியைப் பார்த்து, "கணக்குப்பிள்ளை, மயிலாத்தா தடத்தை நிறுத்திட்டா, அங்க பஸ் இருக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றது கணக்குப்பிள்ளை.

"பஸ் இல்லாத எடத்துல குடியிருக்கறவங்களுக்கு என்ன பேரு?"

"அங்கேயே நிலையாக வாழ்கிறார்கள் என்றால், வேர்ப்பயணிகள்."

"நிலையான்னா எவ்வளவு நாள்?"

"ஒரு மாதம். பஸ்ஸை நம்பி வந்தவர்கள் பஸ் இல்லாவிட்டால் அதற்குள் போய்விடுவார்கள் என்று விதிக் குறிப்பு சொல்கிறது."

கோகிலவாணி மெதுவாகத் திரும்பி நஞ்சுண்டனைப் பார்த்தாள். அவர் டிபன் கேரியரின் மூடியைத் திறந்தார், மூடினார். உதட்டோரம் துடித்தது. "நான் ஒண்ணும் கேக்கலீங்க" என்றார். "விதிப்படி எது நடந்தாலும் எனக்குச் சம்மதம்."

மயிலாத்தாளை அன்றே அழித்தாள்.

மயிலாத்தா பிரிவில் கூட்டம் போட்டுச் சொன்னாள். ஒரு மாதம் பஸ் கிடையாது. யாரும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால் பஸ் வரும். அது இனி யார் நினைத்தாலும் நிறுத்த முடியாத பஸ். ஆனால் பயந்து கலைந்துவிட்டால் அத்தோடு முடிந்தது.

"ஒரு மாசந்தானுங்களே!" என்றாள் கஸ்தூரி. "வேலிக்காட்டுல ஒத்தையாக் கெடந்தவ நான். இத்தன சனம் இருக்கறப்ப என்னுங்க பயம்?"

ஜெசிந்தா மட்டும் ஓரமாக நின்றாள். ஒரு இடுப்பில் ஒரு பிள்ளை, மறு இடுப்பில் இன்னொன்று. "வேலைக்கு எப்படிங்க போவேன்?" என்றாள். எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள்.

கோகிலவாணி விடுமுறை எடுத்துக்கொண்டாள். கணக்குப்பிள்ளை வந்த நாளிலிருந்து அவள் ஒரு வண்டியைக்கூடத் தன் கையால் திட்டமிட்டதில்லை. இப்போது கஸ்தூரியின் கடைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள். தோட்டத்துக்காரரின் டிராக்டர் டிரெய்லரில் தறிக்காரர்கள். முபாரக்கின் சைக்கிள்களில் பெரிய பிள்ளைகள். பால் வேனின் பின்னால் சின்னப் பிள்ளைகள். நர்சுக்கு, மெயின் ரோடு வரை தையல்காரரின் ஸ்கூட்டர். யார் யாரோடு சேர மாட்டார்கள், யாருக்கு முழங்கால் வலி, எந்தப் பிள்ளைக்கு வேனில் வாந்தி வரும் என்று ஆளாளுக்குக் கத்த, அவள் அழித்து அழித்து எழுதினாள். கை முழுக்கச் சுண்ணாம்பு, மூக்கிலும் சுண்ணாம்பு. இந்த வேலைக்கு ஏன் ஆசைப்பட்டு வந்தோம் என்பது அவளுக்கு அந்தச் சுவருக்கு முன்னால்தான் நினைவு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திட்டம் முதல் நாளே குளறுபடியாகிவிட்டது. டிராக்டர் வழியில் நின்றது. ஸ்கூட்டரில் காற்று இல்லை. ஆனாலும் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். ஏனென்றால் டிராக்டருக்காக வேன் நின்றது, வேனுக்காக சைக்கிள்கள் நின்றன, ஜெசிந்தாவுக்காக எல்லாமே நின்றன. வாரம் போகப் போகப் பிள்ளைகள் டிரெய்லர் பயணத்துக்கு அடிமையாகிவிட்டார்கள். நடுவில் ஒரு குடும்பம் சாமான்களோடு வந்து இறங்கியது. இருந்தவர்கள் போகவில்லை என்பது மட்டுமல்ல, பஸ் இல்லாத ஊருக்குப் புதிதாகக் குடியும் வந்தது! கேட்டால், "டிராக்டர்ல பாட்டுப் பாடிட்டுப் போறாங்க, பாக்கவே ஆசையா இருந்துச்சுங்க" என்றார்கள்.

மாதம் முடிந்த மறுநாள் காலை வேப்பமரத்தில் மாவிலை கட்டி, வாழை நட்டு, கஸ்தூரி அண்டா நிறையக் கேசரி கிளறியிருந்தாள். தூரத்தில் ஹாரன் கேட்டதும் பிள்ளைகள் ஓடின. ஒரு வண்டி இல்லை. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னாலும் ஒன்று. இப்போது ஊரே வேர்ப்பயணிகளாயிற்றே! ஆளாளுக்கு எங்கே, எப்போது போக வேண்டுமென்று கணக்குப்பிள்ளை கணக்குப் போட்டு அனுப்பியிருந்தது. தவில் முழங்க மாலை போட்டார்கள். கஸ்தூரி கோகிலவாணியின் வாயில் கேசரியைத் திணித்தாள்.

கதவுகள் திறந்தன. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். கதவுகள் மூடின.

தெருக்கோடியில் ஜெசிந்தா ஓடிவந்துகொண்டிருந்தாள். ஈரத் தலை, சீப்பு, பை. "ஓடு ஜெசிந்தா!" என்று உள்ளிருந்து கத்தியது மங்கலாகக் கேட்டது. வண்டி நிற்கவில்லை. அவள் மரத்தடியில் வந்து மூச்சு வாங்க நின்றாள். தவில்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"பரவால்லீங்க" என்றாள் ஜெசிந்தா, யாரும் கேட்காமலேயே. "எனக்குன்னு இன்னொரு வண்டி வரும்."

வந்தது. அவளுக்கென்றே கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி வந்தது. பளபளவென்று, காலியாக. ஆனால் அதில் ஏறிய ஜெசிந்தாவுக்குக் கைதட்ட யாருமில்லை. வேலைக்கும் தாமதம்தான்.

"மயிலாத்தா போயிட்டா" என்றாள் கஸ்தூரி மெல்ல.

கேசரி வாயிலிருக்கும்போதே கோகிலவாணிக்கு அழுகை வந்தது. யாருக்காகவும் நிற்காத வண்டி. அதுதானே அவள் வாழ்நாள் சாதனை. ஊரின் தலையிலிருந்து காத்திருப்பின் பாரத்தை இறக்கினாள், சரி. கூடவே ஒருவருக்காக இன்னொருவர் நிற்கும் அந்த டீ ஆற்றும் நேரத்தையும் சேர்த்து இறக்கிவிட்டாள். இத்தனை காலம் அது எங்கே போய் ஒளிந்திருந்ததென்றால், அவள் அழிக்க மறந்த ஒரே ஒரு பெண்ணிடம்.

மறுநாள் நஞ்சுண்டனிடம் ஒரு கோரிக்கையோடு போய் நின்றாள்.

"எல்லா வண்டியும் எல்லா நிறுத்தத்துலயும் நிக்கோணுங்களா?" என்று அவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "யாருக்காகங்க?"

"தெரியாதவங்களுக்காக. யாராச்சும் ஒருத்தர் ஓடி வந்துட்டிருப்பாங்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா கெளம்பிரும். இத்தன நாள் பொய் சொல்லி ஒரு வண்டி நின்னுச்சு. இனிமேல் உண்மையச் சொல்லியே எல்லா வண்டியும் நிக்கட்டும்ங்க."

"ஒழுங்கா நேரத்துக்கு வரவன் எதுக்குங்க மேடம் நேரத்துக்கு வராதவனுக்காகக் காத்திருக்கோணும்?"

அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நஞ்சுண்டன் பெருமூச்சு விட்டார். மழைக்காலம் முடியும்வரை வெள்ளோட்டம் பார்க்கலாம், அப்புறம் முடிவு தன்னுடையது என்றார். ஒப்புக்கொண்டாள். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று வண்டி சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் முதலில் முணுமுணுத்தது. பத்திரிகைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். பிறகு பீளமேட்டில் ஒரு வண்டி முழுக்கச் சேர்ந்து 'ஓடு ஓடு' என்று யாருக்கோ கத்தியது. சாயிபாபா காலனியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் முறையாகப் பெயர் கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் நஞ்சுண்டன் அசையவில்லை. மழைக்காலம் முடிந்ததும், 'நாளைக் காலைக் கூட்டத்தில் நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன், மன்னிக்கணும்' என்று கோகிலவாணிக்குச் செய்தி அனுப்பினார்.

செய்தி வந்தபோது அவள் மயிலாத்தா பிரிவில் கஸ்தூரி மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். யாரிடமும் காட்டவில்லை. மறுநாள் காலை ஜெசிந்தாவோடு அதே ஊர் வண்டியில் டவுனுக்குக் கிளம்பினாள். முன் சீட் காலியாக, கனகாம்பரத்தோடு கூடவே வந்தது.

சிங்காநல்லூரில் வண்டி நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள்.

"மயிலாத்தாளுக்காகக் காத்திருக்கிறோம்" என்றது வண்டி.

இதுதான் கடைசித் தடவை என்று நினைத்தபடி கோகிலவாணி ஜன்னல் வழியே பார்த்தாள். ரோட்டில் யாரோ ஓடிவந்துகொண்டிருந்தார்கள். சட்டை வெளியே தொங்கியது. ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. டிபன் கேரியர் ஆடி ஆடி ரசம் வழிந்தது.

"ஓடுங்க, ஓடுங்க!" என்று வண்டியே எழுந்து நின்று கத்தியது. உரக்கக் கத்தியவள் ஜெசிந்தா. அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

நஞ்சுண்டன் கம்பியைப் பிடித்து ஏறினார். வண்டி முழுக்கக் கைதட்டியது. வியர்வை வழிய, யாரென்றே தெரியாத முகங்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கோகிலவாணியைப் பார்த்தார்.

"பேரனுங்க" என்றார் மூச்சு வாங்க. "செருப்ப ஒளிச்சு வெச்சுட்டானுங்க."

உட்கார வேறு இடமில்லை. ஜெசிந்தா முன் சீட்டிலிருந்த பூவை எடுத்து அவர் கையில் கொடுத்து, "உக்காருங்கண்ணா" என்றாள். அவர் பூவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

மயிலாத்தாளின் சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டதை அறிந்து, இத்தனை வருஷங்களில் எந்த வண்டியும் ஒரு முறைகூடச் சொல்லியிராத வார்த்தையை அந்த வண்டி அப்போது சொன்னது.

"மயிலாத்தாள் வந்துவிட்டார். கிளம்பலாம்."